எந்த வருசத்து வண்டி?

மொறிஸ் மைனர் காருக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. அதன் உடலே பாரத்தைத் தாங்கும். அதே மூக்கோடும் அதே கதவோடும் 1953இல் வெளிவந்த பிக்கப்புக்குச் சேசிஸ் உண்டு. தட்டில் ஏறும் சுமையைத் தாங்கவென்று கபினுக்குப் பின்னால் இரண்டு இரும்பு வளைகள் நீளத்துக்கு ஓடும். காரின் பின்பக்கத்தை வெட்டித் தட்டு வைத்ததுதான் பிக்கப் என்று நினைத்து வேலையைத் தொடங்கினால், மினுங்குகிற பெயின்றுக்குக் கீழே உக்கிப்போன வளைகளோடு வண்டி கராஜை விட்டுப் போகும். யாழ்ப்பாணத்தில் அப்படிப் போன வண்டிகளைக் கண்டிருக்கிறேன். ஆகவே மைனர் பிக்கப் ஒன்று என்னிடம் வந்தால் முதலில் அதற்குக் கீழே போய்ப் படுப்பேன். பொனற்றைப் பிறகு திறக்கலாம்.

நீர்வேலியில் இருந்து கட்டி இழுத்து வந்த அந்த வண்டி 1959ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 948 சி.சி. எஞ்சின். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் தகப்பனார் வாழைத் தோட்டத்துக்கென்று வாங்கியது. குலையும் வெங்காயமும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் போய்வந்த வண்டி, அவர் காலமான பிறகு மாட்டுக் கொட்டிலுக்குள் நின்றுவிட்டது. மாஸ்ரர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்பா ஓடின மாதிரி எனக்கு வேணும்."

கேட்க இலகுவான வேலை போலத் தெரியும். ஆனால் அவருடைய அப்பா அந்த வண்டியை முப்பது வருடங்களுக்கு மேல் ஓடியிருக்கிறார். அந்த முப்பது வருடத்தில் நாடு மாறியது, பாதை மாறியது, எரிபொருளே மாறியது. வண்டியும் அவற்றோடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அப்பா ஓடிய வண்டி என்றால் எந்த வருசத்து வண்டி? பழைய வாகனம் திருத்துகிற எவனும் முதல் நட்டைக் கழற்றுவதற்கு முன்னர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. பலர் கேட்பதே இல்லை. தொழிற்சாலையில் இருந்து வந்த நாள்தான் உண்மையான நாள், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அழுக்கு என்று எடுத்துக்கொண்டு கழுவித் தள்ளிவிடுகிறார்கள்.

மைனரின் பொனற்றைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நினைப்பு அவ்வளவு இலகுவில் வராது. பொனற்றின் நடுவில், மூக்கில் இருந்து கண்ணாடி வரைக்கும், தட்டையான பட்டி ஒன்று ஓடும். அழகுக்காக வைத்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வரைந்து, மாதிரி வண்டியும் செய்து முடித்த பிறகு, அது ஒடுங்கலாக இருக்கிறது என்று அவர் மனதுக்குப் பட்டது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அரியச் சொல்லி, இரு பாதியையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலக்கியபோது திருப்தி வந்தது. அந்த நான்கு அங்குலம்தான் பொனற்றின் பட்டி. பம்பர்கள் ஏற்கெனவே செய்தாகிவிட்டதால் ஆரம்பகால வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்துப் பூட்டினார்கள். 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சிக்கு மைனர் வந்தபோதே அது வெட்டி ஒட்டித் திருத்தப்பட்ட வண்டிதான். அந்தத் திருத்தம் மறைக்கப்படவில்லை. வண்டியின் நெற்றியிலேயே இருக்கிறது. எனக்கு இந்த வண்டியில் பிடித்த முதல் விசயம் இதுதான்.

நீர்வேலி வண்டியை அவிழ்க்க அவிழ்க்க, வெவ்வேறு காலத்துக் கைகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. எழுபதுகளின் முதற்பாதியில் இலங்கையில் இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது; 1977 வரைக்கும் உதிரிப்பாகம் கிடைப்பதே பெரிய பாடு. அந்தக் காலத்தில் தேய்ந்த பாகத்தை எறிகிற வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. உருக்கி நிரப்பி, லேத்தில் கடைந்து, திரும்பப் போடுவார்கள். இந்த வண்டியின் கிளச் பெடல் தண்டில் அப்படி நிரப்பிக் கடைந்த இடம் ஒன்று இருந்தது. விரலால் தடவினால் மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு 1990. போரில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல், பற்றரி, சீமெந்து, இரும்பு என்று ஒன்றும் குடாநாட்டுக்குள் முறையாக வராத காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். இந்த வண்டியின் மீது ஆக அதிகம் கை பட்டது அந்த வருடங்களில்தான்.

எஞ்சின் ஹெட்டைத் தூக்கியபோது கீழே கஸ்கற் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக. சைலன்சர் மனிபோல்டைச் சுற்றி ஒரு செப்புக் குழாய் நெருக்கமாக ஐந்தாறு சுற்று ஓடி, எஸ்.யு. கார்பரேற்றருக்குப் போனது. கபினுக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒரு சிறு கொழுக்கி. அதற்குக் கீழே இருவழிக் குழாய் ஒன்று. றேடியேற்றருக்கு முன்னால் தகரத் தட்டு ஒன்றைச் செருகி எடுக்கிற மாதிரி இரண்டு காடி. டிஸ்ற்றிபியூற்றரில் நெருப்புப் பாயும் நேரத்தை முன்பின் நகர்த்துகிற சிறிய திருகு, தாமதிக்கும் பக்கத்தின் கடைசி வரைக்கும் திருகப்பட்டிருந்தது.

நான் தொழில் பழகிய கராஜின் பெரியண்ணையைக் கூட்டி வந்து காட்டினேன். இப்போது அவருக்குக் கண் மங்கல். விரலால்தான் பார்த்தார். குழாயின் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார்.

"என்ர கை இல்லை, தம்பி. ஆனா தெரிஞ்ச கை."

அன்று பின்னேரம் முழுக்க மண்ணெண்ணெய் பற்றித்தான் கதைத்தோம். பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினோம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எப்படி ஓட்டினார்கள் என்று கேட்டால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம் என்பதோடு கதை நின்றுவிடும். உண்மையில் அது எஞ்சினை நன்றாக விளங்கியவன் செய்கிற வேலை. பெற்றோல் சாதாரண வெக்கையிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் தாண்ட வேண்டும். குளிர்ந்த மனிபோல்டுக்குள் அது துளியாகவே போகும், துளி எரியாது. எரியாத துளி சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு றிங் இடுக்கால் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும்.

"டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பாக்கேக்க ஒயில் கூடியிருந்தா சந்தோசப்படக் கூடாது. அது ஒயில் இல்லை. எஞ்சினுக்கு வருத்தம் தொடங்கியிட்டுது எண்டு அர்த்தம்" என்றார் பெரியண்ணை.

ஆகவே வெக்கை வேணும். ஏ வரிசை எஞ்சினில் உள்ளிழுக்கும் மனிபோல்டும் வெளியேற்றும் மனிபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். அதுவே பாதி உதவி. மீதிக்குத்தான் செப்புக் குழாய்ச் சுற்று. றேடியேற்றரை மறைத்த தகரமும் அதற்குத்தான்; எஞ்சினை எப்போதும் சூட்டிலேயே வைத்திருக்க. கொழுக்கியில் பெற்றோல் போத்தல் தொங்கும். அதில் இருந்து சேலைன் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்குகிற பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கிச் சூடேற்றி, பிறகு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். நிற்பாட்டுவதற்குச் சற்று முன்னர் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றினால்தான் அடுத்தநாள் காலையில் எஞ்சின் எழும்பும். பற்றரி செத்துப்போயிருந்தால் முன் பம்பருக்கு மேலுள்ள துளையில் ஹாண்டில் போட்டுச் சுற்றுவது.

இரண்டு கஸ்கற்றின் காரணம் இன்னும் நுட்பம். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது; பொறியில் இருந்து பரவுகிற சுவாலை வந்து சேரமுன்னரே தன்பாட்டில் பற்றி, பிஸ்ரன் தலையில் தட்டும். இந்த 948 சி.சி. எஞ்சின் இரண்டு விதமாக வந்தது. அமுக்க விகிதம் ஒன்றில் 8.3, மற்றதில் 7.2. இது கூடியது. கஸ்கற் ஒன்றைக் கூட வைத்தால் ஹெட் சற்று உயர்ந்து, எரியறை பெரிதாகி, அமுக்கம் குறையும். பொறியையும் தாமதப்படுத்தினால் தட்டல் அடங்கும். வலு குறையும்தான். ஆனால் வண்டி சந்தைக்குப் போய்வரும். சுழல் கருவியால் ஹெட்டின் உட்பக்கத்தைத் தோண்டியும் அமுக்கத்தைக் குறைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஹெட் பிறகு பெற்றோலுக்கு உதவாது. இந்த வேலையைச் செய்தவர் தோண்டவில்லை. கஸ்கற்றைக் கழற்றினால் எஞ்சின் பழையபடி வந்துவிடும்.

அந்த இடத்தில்தான் எனக்கு வேலையின் வழி தெரிந்தது. பெயர் தெரியாத அந்த மனிதர் செய்த எதையும் திரும்பக் கழற்ற முடியும். தகட்டை வெட்டாமல், ஏற்கெனவே இருந்த போல்ற்றுகளிலேயே கொழுக்கியைப் பிடித்திருந்தார். குழாய் மனிபோல்டில் ஒட்டப்படவில்லை. சுற்றி மட்டும் இருந்தது. அவர் தொட்ட ஒவ்வொரு போல்ற்றின் மரையிலும் கறுத்து இறுகிப்போன கிறீஸ் பூச்சு. கிறீஸ் காசு கொடுத்தும் கிடையாத நாட்களில் மரைக்கு அதைப் பூசிப் பூட்டுகிற ஒருவர், யாரோ ஒருவன் பிறகு ஒரு நாள் இதைக் கழற்றுவான், அவன் கை நோகக்கூடாது என்று யோசித்திருக்கிறார். பெற்றோல் திரும்ப வரும் என்று நம்பியுமிருக்கிறார். முப்பது வருடங்கள் கழித்து அந்த மரைகள் சாவி வைத்ததும் சுழன்றன.

நான் மாஸ்ரரிடம் போய் என் எண்ணத்தைச் சொன்னேன். 1959க்கும் திருப்பப் போவதில்லை, தடைக்காலத்துக்கும் திருப்பப் போவதில்லை. பின்னால் வருகிறவனை நினைத்துச் செய்யப்பட்ட வேலைகள் இருக்கட்டும். வண்டியைத் தின்கிற வேலைகளை எடுத்துவிடுவோம். நானும் புதிதாக எதைச் செய்தாலும் கழற்றக்கூடியதாகச் செய்வேன். மாஸ்ரர் சம்மதித்தார், ஒரு விசயத்தைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உடல் வேலையில்தான் நாட்கள் போயின. கடற்கரை ஊர்களில் இருந்து வருகிற வண்டிகளை உப்புக் காற்று வெளியில் இருந்து தின்னும். தோட்டத்து வண்டியைச் செம்மண் உள்ளிருந்து தின்னும். இடுக்குகளுக்குள் புகுந்த மண் மாரி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்; வெயில் எரிக்கிற மாதங்களிலும் உள்ளே தகடு நனைந்தபடியே கிடக்கும். முதலில் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வண்டி முழுக்க நகர்த்தினேன். காந்தம் வழுக்கி விழுகிற இடமெல்லாம் தகட்டுக்குப் பதிலாக நிரப்பிப் பூசிய பட்டி. கதவின் கீழ்விளிம்பு, கபினின் பின்மூலை, பின் மட்காட்டின் வளைவு என்று மைனர் உக்குகிற இடங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பட்டியைச் சுரண்டியபோது இடது பின்மூலையில் ஓர் ஒட்டு வெளியே வந்தது. எண்ணெய்ப் பீப்பாத் தகட்டை வெட்டி, அந்த மூலையின் இரட்டை வளைவுக்குச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்து, காஸ் வெல்டிங்கில் விளிம்போடு விளிம்பு பொருத்தியிருந்தார்கள். உட்புறத்தில் பீப்பாவின் எழுத்து பாதி தெரிந்தது. மெல்லிய தகட்டை காஸ் சுவாலையில் ஒட்டினால் வெக்கையில் நெளியும். நெளிந்ததைத் திரும்பத் தட்டி மட்டப்படுத்த ஒவ்வொரு அங்குலமாகப் போக வேண்டும். மிக் வெல்டிங் வைத்திருக்கிற நான் அந்த ஒட்டை விட நன்றாகச் செய்வேன் என்று சொல்ல மாட்டேன். துரு சுரண்டி, உட்புறத்துக்கு எதிர்துருப் பூச்சுக் கொடுத்து அப்படியே விட்டேன்.

சேசிஸ் வளையிலும் பீப்பாத் தகடு ஒட்டப்பட்டிருந்தது. அது வேறு கை. துருப்பிடித்த பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி, நான்கு பக்கமும் ஒட்டி மூடியிருந்தார்கள். இரண்டு தகட்டுக்கும் இடையில் அகப்பட்ட ஈரம் போக வழியில்லை. பீப்பாத் தகடு கபின் மூலைக்குப் போதும். சுமை தாங்குகிற வளைக்குப் பற்றாது. ஸ்பிறிங் தாங்கி இருக்கிற இடத்தில் வளை விரலால் அமத்த உள்ளே போனது. நல்ல இரும்பு வருகிற இடம் வரைக்கும் இரு வளைகளையும் வெட்டி, அளவுக்கு மடித்த புதுத் தகட்டில் புதுப் பெட்டி செய்து வைத்தேன். வெட்டுவதற்கு முன்னர் வண்டியைச் சமதரையில் ஏற்றி, மூலைக்கு மூலை நூல் பிடித்து இரு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை தாங்கிகளை நகர்த்த வேண்டும். இதை அவசரப்பட்டுச் செய்தால் வண்டி வாழ்நாள் முழுக்கப் பக்கவாட்டில்தான் ஓடும். உட்புறத்துக்கு மெழுகுப் பூச்சு பாய்ச்சி, தண்ணீர் வடியத் துளைகளும் விட்டேன்.

ஸ்பிறிங் விசயத்தில்தான் மாஸ்ரரும் நானும் ஒத்துப்போகவில்லை.

பின் ஸ்பிறிங் இரண்டிலும் வேறு வண்டியின் தடித்த தகடு ஒன்று மேலதிகமாகச் செருகப்பட்டிருந்தது. உக்கிய வளை வெடித்தும் இருந்ததற்கு ஒரு காரணம் அதுதான். ஸ்பிறிங் வளைந்து கொடுத்தால் அடியின் பாரம் ஸ்பிறிங்கோடு நிற்கும். அது வளையாவிட்டால் அத்தனை அடியும் தாங்கி வழியாகச் சேசிஸுக்குப் போகும். கழற்ற வேண்டும் என்று சொன்னேன். மாஸ்ரர் கன நேரம் கதைக்கவில்லை. பிறகு சொன்னார். 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது இந்த வண்டியும் அந்தச் சனத்துக்குள் நாவற்குழிப் பாலம் வரைக்கும் ஊர்ந்தது. நடக்க முடியாத அயலட்டைக் கிழடுகளை அப்பா தட்டில் ஏற்றியிருந்தார். பின்பக்கம் அமந்து, மட்காட் ரயரில் உரஞ்சிக்கொண்டே வந்தது. கொடிகாமத்தில் இருந்த நாட்களில் யாரோ ஒரு கொல்லன் இந்தத் தகடுகளை வைத்துக் கொடுத்தான். அதை எப்படிக் கழற்றுவது?

என்னிடம் அதற்குப் பதில் இல்லை. என் தொழிலிடம் இருந்தது. அந்தத் தகடுகள் அன்றைக்குச் சரியான வேலை. இன்றைக்கு அவற்றை விட்டால் நான் புதிதாக வைத்த வளையும் வெடிக்கும். வண்டியில் ஓடுகிறவரும் பாதையில் போகிறவர்களும் அந்த வெடிப்புக்கு விலை கொடுக்க வேண்டி வரும். வண்டியை ஓடத்தான் போகிறீர்களா, வைத்துப் பார்க்கவா என்று கேட்டேன். ஓடத்தான் என்றார். கழற்றினேன். தகடுகளைத் துருச் சுரண்டி, ஒயில் பூசி அவர் கையிலேயே கொடுத்தேன்.

தட்டின் தளம் பற்றி அவருக்கும் எனக்கும் ஒரே எண்ணம். தொழிற்சாலையில் இருந்து வந்த இரும்புத் தளம் எப்போதோ உக்கிப் போய், தடைக்காலத்தில் இரும்புக்குப் பதில் பனஞ்சலாகை அடித்திருந்தார்கள். பனையில் வெளிச்சுற்றுத்தான் வைரம், உள்ளே சோறு. வைரம் பாய்ந்த கறுப்புச் சலாகைக்கு ஆணி அடித்தால் ஒன்றில் ஆணி வளையும், இல்லாவிட்டால் சலாகை பிளக்கும். துளையிட்டுத்தான் பூட்ட வேண்டும். பழைய தளத்தில் பாதிச் சலாகைகள் இன்னும் நல்ல நிலையில் இருந்தன. மீதிக்கு, இடிக்கப்பட்ட ஒரு நாற்சார் வீட்டின் கூரைச் சலாகைகளை வாங்கினேன். நூறு வருடம் புகை குடித்த பனை, வாள் பல்லைத் தின்றது. ஒவ்வொன்றுக்கும் இடையில் சிறு விரல் இடைவெளி விட்டு, சேசிஸின் குறுக்குச் சட்டங்களில் போல்ற் பூட்டினேன். குலையில் வடிகிற பாலும் மழைத் தண்ணீரும் இடைவெளியால் இறங்கிப் போகும். பழைய இரும்புத் தளத்தில் அது நடந்திருக்காது. இங்கிலாந்துக்காரன் வரைந்ததை விட எங்கள் தச்சன் வைத்தது வாழைக்குலைக்குப் பொருத்தமான தளம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எஞ்சின் வேலை நேரானது. சிலிண்டர் கடைந்து அளவு கூடிய பிஸ்ரன், புது றிங், புது பெயரிங். வால்வு ஆசனங்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தன. அந்தக் காலத்து எஞ்சின்கள் பெற்றோலில் கலந்திருந்த ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. ஈயம்தான் வெளியேற்றும் வால்வு ஆசனத்தில் படிந்து அதைக் காத்தது. மண்ணெண்ணெயில் ஈயம் இல்லை, இப்போதைய பெற்றோலிலும் இல்லை. ஆசனங்கள் ஏற்கெனவே அமிழ்ந்திருந்தன. கடினப்படுத்திய உருக்கு வளையங்களை ஹெட்டில் இறக்கினேன். கஸ்கற் ஒன்று மட்டும். செப்புக் குழாயின் இரு முனையையும் அடைத்து, அது சுற்றியிருந்த இடத்திலேயே விட்டேன். கொழுக்கியும் இருக்கிறது. கிடைக்காத சில பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மைனர் வைத்திருப்பவர்களுக்கு இலங்கையில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. தொண்ணூறுகளில் இருந்தே தென்னிலங்கையில் மைனருக்கு உடல் தகடுகள் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கே அனுப்பினார்கள். முன் மட்காட் புதிதாகவே கிடைத்தது. மட்காட்டுக்கும் உடலுக்கும் இடையில் வருகிற உருட்டு நாடாவை மறக்காமல் வைக்க வேண்டும். அது அலங்காரம் இல்லை, இரும்போடு இரும்பு உரஞ்சாமல் காக்கிறது.

நான் என் விருப்பத்துக்கு மாற்றியவையும் உண்டு. 1959இல் யாழ்ப்பாணம் கண்டி வீதியில் ஓடிய வேகம் வேறு, இன்று ஏ9 என்கிற அதே வீதியில் பேருந்துகள் ஓடுகிற வேகம் வேறு. முன் பிறேக் டிரம் ஏழு அங்குலம். பின்னாளில் 1098 சி.சி. மைனருக்கு வந்த எட்டு அங்குலத் தொகுதியை முழுமையாக மாற்றினேன். பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது; அதன் போல்ற்றை எடுக்க முன் ஸ்பிறிங்காக வேலை செய்கிற முறுக்குத் தண்டு குறுக்கே நிற்கும். அந்த வேலையை இன்னொருவன் அடிக்கடி செய்யக்கூடாது என்பதால் உள்ளுக்குத் துருப்பிடிக்காத உருக்குக் குழல் போட்டுக் கொடுத்தேன். கபின் தூணில் இருந்து கைபோல நீளுகிற பழைய திசைகாட்டிகள் வேலை செய்கின்றன. ஆனால் இன்றைய சாரதிகளுக்கு அது என்னவென்று விளங்காது. முன் சிறு விளக்குக் கண்ணாடிக்குள்ளேயே மினுங்கும் சிமிட்டிகளையும் சேர்த்தேன். ஆசனப் பட்டியும் பூட்டினேன். நேர்முனையை உடலோடு இணைக்கிற பழைய மின்முறையை மாற்றி, மற்ற எல்லா வண்டியையும் போல எதிர்முனையை உடலோடு இணைத்தேன். இரவில் பாதையோரத்தில் பற்றரி மாற்றுகிற ஒரு பொடியன் பழக்கதோசத்தில்தான் வயரைப் பூட்டுவான். டைனமோவின் முனைப்பை மாற்ற ஒரு கணம் மின்னைத் தொட்டுக் காட்டினால் போதும், ஒன்றையும் வெட்டத் தேவையில்லை.

நிறத்தில் நான் தலையிடவில்லை. மேலே தூரிகையால் அடித்த கேற் பெயின்ற் நீலம், அதற்குக் கீழே பழுப்பு, மானி வட்டத்துக்குப் பின்னால் தொழிற்சாலைச் சாம்பல். மாஸ்ரர் நீலத்தைத்தான் கேட்டார். அவருடைய தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, சின்ன வயதில் தான் கண்டது சாம்பல் வண்டி என்றார். இருவரும் வீட்டில் பேசி முடித்து நீலம் என்று சொல்லியனுப்பினார்கள். பொனற்றின் உட்புறத்தில் சாம்பலை விட்டேன்.

வண்டியைக் கொடுத்த அன்று மாஸ்ரருக்கு ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். முன்சில்லு திரும்புகிற முளை, மரை வைத்த ஒரு துண்டுக்குள்தான் நிற்கிறது. அதற்கு ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்க வேணும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் மெதுவாகத் திருப்புகிறபோது சில்லு உள்ளுக்கு மடிந்து விழும். மைனர் வைத்திருக்கிற எவருக்கும் இதைவிட முக்கியமான வேலை இல்லை. சலாகைக்கு மாரி தொடங்க முதல் வேப்பெண்ணெய். கபின் கதவின் வடிதுளைகளைக் குச்சியால் குத்தித் திறந்து வைக்க வேணும்.

கடதாசியை வாசித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை குலை ஏத்தலாம்?"

"கால் தொன் வண்டி, மாஸ்ரர். 250 கிலோ. குலை ஒண்டு பதினைஞ்சு கிலோ எண்டா பதினாறு."

"அப்பா முப்பது ஏத்தினவர்."

"ஓம். வளையைப் பாத்தா தெரியுது. நீங்கள் ரெண்டு தரம் போங்கோ."

முதல் தரம் நானும் கூடப் போனேன். உரும்பிராய்ச் சந்தியால் திரும்பித் திருநெல்வேலிச் சந்தை வரைக்கும், பதினாறு குலையோடு.